கூடாரமும் புத்தகமும்



மலைப் பயணத்திற்கும் முகாம் வாழ்க்கைக்கும் வேண்டிய பொருள்களைப் பட்டியலிடுவோர் அரிசி, பருப்பு, கயிறு, கத்தி, மருந்துப் பெட்டி என்று எழுதிக்கொண்டே போவர். அப்பட்டியலில் புத்தகம் என்ற ஒன்று பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பகல் முழுவதும் நடந்தவன் இரவில் உறங்குவானேயன்றிப் படிப்பானா என்று கேட்போரும் உளர். ஆனால் முகாமில் இரவைக் கழித்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். மாலை ஆறரைக்கு இருட்டிவிடுகிறது. எட்டு மணிக்குள் உணவு முடிந்துவிடுகிறது. உடனே உறக்கமும் வருவதில்லை. அந்த ஒன்றிரண்டு மணி நேரமே நாம் பெறக்கூடிய மிக அமைதியான படிப்பு நேரமாகும். அந்நேரத்தில் கழுத்து வலியின்றி, கண் எரிச்சலின்றி, கொசுக்கடியின்றி, ஆபத்துமின்றி ஒரு கூடாரத்தினுள் படிப்பது எங்ஙனம் என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

நான் திருவள்ளூர் மாவட்டத்தில் பள்ளியாசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சாரண மாணவர்களை அழைத்துக்கொண்டு பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கத்திலும், பழவேற்காட்டு ஏரிக் கரையிலும், கும்மிடிப்பூண்டியை அடுத்த தோப்புகளிலும் பல இரவுகள் கூடாரத்தில் தங்கியிருக்கிறேன். இப்பொருள் பற்றி நான் அறிந்ததனைத்தும் அங்கே கற்றவையே. அவற்றுள் ஒரு பாடத்தை வெட்கத்துடன் கற்றுக்கொண்டேன். அதனைப் பிறகு சொல்கிறேன்.

கூடார வாழ்வு நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, போர்மேற் சென்ற அரசனது பாசறையை விரிவாகக் காட்டுகிறது. அங்கே அவிந்த விளக்குகளை மீண்டும் ஏற்றுவதற்கென்றே பணிப்பெண்கள் இருந்தனர். அரசன் உறக்கமின்றி எண்ணத்தில் ஆழ்ந்திருக்கிறான். கூடாரத்தில் விளக்கு வேண்டும், அவ்விளக்கைப் பேணவும் வேண்டும் என்பதைப் புலவர் நப்பூதனார் அன்றே கண்டிருக்கிறார்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1802-ஆம் ஆண்டு லாம்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு அளந்து, இந்தியாவின் மாபெரும் நில அளவைக்கு வழிவகுத்தார். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் ஆண்டுக் கணக்கில் கூடாரங்களிலேயே வாழ்ந்தனர். நிலப்பொதியியல் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் 1863-ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் வில்லியம் கிங் என்பாருடன் மேலும் பல கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டு பழமையுடையவை என்று 2011-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு கூறுகிறது. கொசத்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் கூடாரம் அடிக்கும்போது பாயின் கீழே ஒரு கல் உறுத்தினால் நான் மாணவர்களிடம், "அதனை வைதுவிடாதீர்கள், உங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் செதுக்கியதாக இருக்கலாம்" என்று சொல்வதுண்டு. அக்கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாகாது என்பதையும் உடன் சொல்வேன்.

கூடாரத்தில் புத்தகத்தின் மதிப்பை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஷாக்கிள்டன் என்பாரின் தென்துருவப் பயணக் கப்பலாகிய 'எண்டியூரன்ஸ்' 1915-ஆம் ஆண்டு பனிக்கட்டிகளிடையே நொறுங்கி மூழ்கியது. மாலுமிகள் மிதக்கும் பனிப்பாளத்தின்மேல் கூடாரமிட்டு மாதக் கணக்கில் வாழ நேர்ந்தது. பெரும்பாலான உடைமைகளைக் கைவிட்ட அவர்கள், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் சில தொகுதிகளைக் கைவிடவில்லை. உயிர் பிழைப்போமா என்பதே தெரியாத நிலையிலும் அவற்றைப் படித்தும் விவாதித்தும் மனத்தைத் தளரவிடாமல் காத்துக்கொண்டனர்.

இனி முறைகளைக் காண்போம். முதலில் இடம். படிப்பதற்கும் உறங்குவதற்கும் ஏற்ற இடம் சற்றே சரிந்திருக்கலாம். ஆனால் தலை எப்போதும் மேட்டுப் பக்கம் இருத்தல் வேண்டும். தலை தாழ்ந்தால் அரை மணியில் தலை கனக்கும். சிறு கற்களையும் குச்சிகளையும் பொறுக்கிவிட்டு, எறும்புப் புற்று உண்டா என்று பார்த்த பின்னரே விரிப்பை இடுக.

அடுத்தது காற்று. நம் கடற்கரைப் பக்கத்தில் பகலில் நிலம் விரைவாகச் சூடேறுவதால் பிற்பகலிலும் மாலையிலும் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் காற்றுத் திசை மாறி நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். ஆதலின் பழவேற்காட்டில் கிழக்கு வாயிலை மட்டும் திறந்து வைத்தால், மாலையில் சுகமாக இருந்த கூடாரம் நள்ளிரவில் புழுங்கும். எதிரெதிரே இரு திறப்புகள் வேண்டும்; இரண்டிலும் கொசுவலை வேண்டும். மூடிய கூடாரத்தில் மற்றோர் தொல்லையும் உண்டு. ஒவ்வொருவர் மூச்சிலிருந்தும் ஓர் இரவில் ஏறக்குறைய ஒரு குவளை நீர் ஆவியாக வெளிப்படுகிறது. அது குளிர்ந்த துணிச்சுவரில் படிந்து துளியாக வழிகிறது. புத்தகத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தவர்கள் காலையில் ஊறிய அப்பளம் போன்ற ஒன்றைத்தான் காண்பர். படித்து முடித்ததும் நூலைப் பாலிதீன் பையிலிட்டுத் தலைமாட்டில் நடுப்பக்கமாக வைத்துவிடுக. உப்புக் காற்று வீசும் ஏரிக் கரையில் இது கட்டாயம்.

மூன்றாவது உடல் நிலை. கூடாரத்தில் நாற்காலி இல்லை; சாய்வதற்குச் சுவரும் இல்லை. துணிச்சுவரில் சாய்ந்தால் கூடாரமே சாயும். மல்லாந்து படுத்து நூலை முகத்துக்கு மேலே ஏந்திப் படிக்கத் தொடங்குவோர் பத்து நிமிடத்தில் கை சோர்ந்து புத்தகத்தை மூக்கின்மேல் போட்டுக்கொள்வர். குப்புறப் படுத்து முழங்கையூன்றிப் படிப்போருக்குக் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். ஆகவே இரண்டு நிலைகளை நான் பரிந்துரைப்பேன்.

ஒன்று, சாய்ந்திருத்தல். முதுகுப்பையைப் பாதி நிறைந்த நிலையில் வைத்து, உள்ளே மென்மையான துணிகள் மேற்பக்கம் வருமாறு அடுக்கி, அதனைத் தலைமாட்டில் சரிவாகக் கிடத்துக. பை வழுக்காமலிருக்க அதன் பின்னே காலணிகளையோ தண்ணீர்க் குடுவைகளையோ முட்டுக் கொடுக்கலாம். அதன்மேல் முதுகைச் சாய்த்து முழங்கால்களை மடக்கினால், தொடையே புத்தகம் தாங்கும் பலகையாகும். கைகளுக்குப் பக்கம் புரட்டும் வேலை மட்டுமே இருக்கும். முழங்காலின் கீழ் ஒரு சுருட்டிய போர்வை இருந்தால் இடுப்பு நோகாது.

மற்றொன்று, ஒருக்களித்துப் படுத்தல். தலைக்கு உயரமான தலையணை வேண்டும். மாற்றுத் துணிகளை ஒரு பையில் திணித்தால் அதுவே தலையணை. இரு முழங்கால்களின் இடையே ஒரு துண்டை மடித்து வைக்கவும். புத்தகத்தைத் தரையில் நிறுத்தி ஏதேனுமொன்றில் சாய்த்துவிடவும். ஓர் இயல் முடிந்ததும் மறுபக்கம் திரும்புக. பக்கம் புரட்டுவது போலவே உடலையும் புரட்டவேண்டும் என்று மாணவர்களுக்கு வேடிக்கையாகச் சொல்வேன்.

எந்நிலையிலும் நூல் கண்ணுக்கு ஒன்றே கால் அடித் தொலைவில், பார்வை சற்றே தாழுமாறு இருத்தல் நன்று. நூலும் கனமற்றதாக இருக்கவேண்டும். தடித்த அட்டையிட்ட அறுநூறு பக்க நாவலைச் சுமந்து மலையேறியவர் அதனைப் படிப்பதற்குள் அதன்மீது பகை கொண்டுவிடுவார். மெல்லிய அட்டையுடைய சிறுகதைத் தொகுதியோ கட்டுரைத் தொகுதியோ கவிதை நூலோ ஏற்றது. களைத்தவன் ஒரு கதையை முடித்துவிட்டு நிறைவோடு கண்மூடலாம்.

நான்காவதாக, யாவற்றினும் முதன்மையான விளக்கு. ஒளியைப் பற்றி இயற்பியல் சொல்லும் விதி ஒன்றுண்டு. சிறு விளக்கொன்று இரண்டடித் தொலைவிலிருந்து தரும் ஒளியைப் போல் நான்கு மடங்கு ஒளியை, அதே விளக்கு ஓரடித் தொலைவிலிருந்து தரும். எனவே பெரிய விளக்கைத் தேடவேண்டியதில்லை. சிறிய விளக்கை அருகே கொண்டுவந்தால் போதும். இன்று கடைகளில் கிடைக்கும் எல்.இ.டி. விளக்குகளில் மிகக் குறைந்த ஒளி நிலையே கூடாரப் படிப்புக்குப் போதுமானது. மின்கலமும் பல இரவு தாங்கும். விளக்கு கண்ணெதிரே இருத்தலாகாது. கூடாரத்தின் உச்சியிலுள்ள வளையத்திலிருந்து நம் தோளுக்குப் பின்னும் மேலுமாகத் தொங்கட்டும். ஒளி தாளின்மேல் விழவேண்டும், கண்ணில் விழலாகாது.

நெற்றியில் கட்டும் விளக்கு தாளின் நடுவில் மட்டும் பளீரென ஒளிவட்டம் இடும்; சுற்றிலும் இருளாக இருக்கும். அவ்வேறுபாடே கண்ணைச் சோர்வடையச் செய்கிறது. அதற்கு எளிய மாற்று ஒன்றுண்டு. தண்ணீர் நிரப்பிய வெண்ணிறக் குடுவையின்மேல் விளக்கின் முகம் உட்பக்கம் நோக்குமாறு பட்டையைச் சுற்றிவிடுங்கள். குடுவை முழுவதும் ஒளிர்ந்து கூடாரமெங்கும் மெல்லிய வெளிச்சம் பரவும். குடுவை நிறமற்றதாயின் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் சுற்றினால் போதும். என் போன்ற அறுபது வயதினர் கூடுதல் ஒளிக்காக வெட்கப்படவேண்டியதில்லை. வயது ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது, வில்லை மஞ்சளிக்கிறது. இருபது வயதில் விழித்திரையை எட்டிய ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் எட்டுகிறது. விளக்கை ஒரு சாண் அருகே நகர்த்திக்கொண்டால் குறை தீரும்.

பூச்சிகளுக்கு வெள்ளை ஒளியும் நீல ஒளியும் பெருவிருந்து. மஞ்சள் ஒளி அவற்றை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. உள்ளே நுழைந்து, வலையை முற்றிலும் மூடிய பின்னரே விளக்கை ஏற்றுக. இந்த ஒழுங்கு தவறினால் பூண்டி ஏரிக் கரையில் படிப்பவர் ஒருவர், கடிப்பவை ஓராயிரம். கொசுவர்த்திச் சுருளைக் கூடாரத்தினுள் கொளுத்தவே கூடாது.

கைப்பேசியில் படிக்கலாமே என்று இளைஞர் கேட்கின்றனர். படிக்கலாம், அதற்கு வேறு விளக்கும் வேண்டா. ஆயினும் காட்டு வழியில் அஃது ஆபத்துக் காலத்தில் உதவியழைக்கும் கருவி. நாவலின் கடைசி இயலுக்காக அதன் மின்கலத்தைத் தீர்த்துவிட்டால், மறுநாள் கால் பிசகிய நண்பனுக்கு என்ன விடை சொல்வது?

இனி, நான் வெட்கத்துடன் கற்ற பாடத்தைச் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், மாணவர் இருபத்துநால்வரை முகாமுக்கு அழைத்துச் சென்றேன். அக்காலத்தில் நான் கடுமையான ஒழுங்குக்காரன். இரவு ஒன்பது மணிக்கு விளக்கு அணையவேண்டும் என்பது என் ஆணை. "படிப்பை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், இங்கே வந்தது உடலுக்குப் பயிற்சி பெறவே" என்றும் சொல்லியிருந்தேன். இரண்டாம் நாள் இரவு பத்தரை மணிக்குக் கூச்சல் கேட்டு ஓடினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் போர்வையைத் தலைக்கு மேலே மூடிக்கொண்டு, தகர டப்பியில் ஒட்டிய மெழுகுவத்தித் துண்டின் ஒளியில் படித்திருக்கிறான். போர்வை பற்றிக்கொண்டது. பக்கத்திலிருந்தவன் குடத்து நீரை ஊற்றி அணைத்தான். கூடாரத்தின் ஒரு பக்கம் கருகியது. போர்வையைக் கையால் பிடித்திழுத்த அச்சிறுவனின் வலது உள்ளங்கை வெந்துபோயிற்று.

மருந்திட்டுக் கட்டியபின் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் அழவில்லை, பாதி எரிந்த நூலக நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விடியற்காலையில்தான் காரணம் சொன்னான். அவன் தந்தை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைத் தொழிலாளி. வீடு ஓரறை. இரவு வேலை முடிந்து வரும் தந்தை பகலில் உறங்குவார்; அப்போது பேச்சுக் கூடாது, கதவைத் திறந்து வெளிச்சம் விடவும் கூடாது. இரவில் தம்பி தங்கையர் உறங்குவர். அப்போது விளக்குக் கூடாது. "முகாமுக்கு வந்தால் மூன்று இரவும் படிக்கலாம் என்று நினைத்தேன், சார்" என்றான்.

ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியலைப் பாடமாகப் படித்துத் தேறியவன் நான். எனினும் என் மாணவன் எங்கே உட்கார்ந்து படிக்கிறான் என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை. அவன் செய்தது பிழைதான். ஆனால் அப்பிழைக்கு வழி திறந்தது என் ஆணை. விளக்கை மறுத்தேன், விருப்பத்தை மறுக்க என்னால் இயலவில்லை. விருப்பம் மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டது.

அடுத்த ஆண்டு முதல் எங்கள் முகாமில் இரவு எட்டரை முதல் ஒன்பதரை வரை படிப்பு நேரம் ஆயிற்று. கூடாரத்துக்கு ஒரு மின்கல விளக்கு, ஆளுக்கொரு நூல். தீயில் எரியும் எந்த விளக்கும் கூடாரத்தினுள் கூடாது என்பது மாற்றமில்லாத விதியாயிற்று. மெழுகுவத்தி, மண்ணெண்ணெய் விளக்கு, அடுப்பு, கணப்பு எதுவாயினும் சரியே. இன்றைய கூடாரங்கள் நைலானாலும் பாலியெஸ்டராலும் ஆனவை. தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டும். தீப்பிடிக்காவிட்டாலும் மூடிய இடத்தில் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக் காற்றை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவன் விழிக்காமலே போகலாம். 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறிகள் பலர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது. காட்டில் தீ என்பது எவ்வகையிலும் விளையாட்டன்று. வனப்பகுதியில் வனத்துறையின் இசைவின்றிச் செல்லுதலும் தங்குதலும் கூடாது. 2024-ஆம் ஆண்டு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நம் மாவட்டத்துக் குடியம் குகை வழியும் இடம்பெற்றுள்ளது. விரும்புவோர் முறைப்படி பதிவு செய்து பகலில் சென்று வரலாம். கூடாரத்துக்குப் பள்ளித் திடலும் சொந்தக்காரர் இசைந்த தோப்புமே போதும்.

ஒரு விளக்கும் நான்கு பேரும் இருக்கும்போது செய்யத்தக்கதை அப்படிப்பு நேரத்தில்தான் கண்டுகொண்டோம். நால்வரும் விளக்குக்குப் போட்டியிடவேண்டியதில்லை. ஒருவன் உரக்கப் படிக்கட்டும். மூவர் கண்மூடிப் படுத்துக் கேட்கட்டும். பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். கழுத்து வலி, கண் வலி, கைவலி மூன்றும் ஒருசேர நீங்கும் வழி இதுவே. இப்போது வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் நீங்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதானே! தட்டுத் தடுமாறி எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவர் சிலர், வகுப்பில் நாணி வாய் திறவாதவர், கூடார இருளில் தயக்கமின்றி உரக்கப் படித்ததை நான் கேட்டிருக்கிறேன். முகம் தெரியாத இடத்தில் பிழைக்கு அஞ்சுவாரில்லை.

இம்முறைகள் முகாமுக்கு மட்டும் உரியவையல்ல. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் சுற்றுப்புறத்தில் இன்று தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் சிற்றறைகளில் சேர்ந்து தங்குகின்றனர். தேசிய நெடுஞ்சாலையில் இரவெல்லாம் லாரிகள் ஓடுகின்றன. அவ்வறையும் ஒருவகைக் கூடாரமே. சுருட்டிய படுக்கை முதுகுக்கு, மடித்த முழங்கால் நூலுக்கு, தோளுக்குப் பின்னே ஒரு சிறு விளக்கு, உறங்குபவர் பக்கம் ஒளி செல்லாமல் ஓர் அட்டை மறைப்பு. இவ்வளவில் ஒரு மாணவனுக்குப் படிப்பிடம் ஆயிற்று. பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குத் தனியறை தர இயலாமற் போகலாம். ஒரு மூலையையும் ஒரு மணி நேரத்தையும் தர இயலும். ஆசிரியர்களே, உங்கள் மாணவர் எங்கே, எந்த ஒளியில் படிக்கின்றனர் என்று நாளையே கேளுங்கள். நான் காலந்தாழ்த்திக் கேட்டேன்.

சென்ற ஆண்டு கும்மிடிப்பூண்டிக் கடைவீதியில் ஒருவர் என்னை நிறுத்தி வணங்கினார். கூப்பிய கைகளைப் பிரித்தபோது வலது உள்ளங்கையில் பழைய வடு தெரிந்தது. நலம் விசாரித்தோம். அந்த இரவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. விடைபெறும்போது, "இப்போ என்ன படிச்சிக்கிட்டு இருக்கீங்க, சார்?" என்று கேட்டார். சொன்னேன். தாம் படித்துக்கொண்டிருப்பதை அவரும் சொன்னார். பேருந்து வரும்வரை அங்கேயே நின்று அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.